நாஞ்சில் நாட்டில் விடுதலைப் போர் – 3: ஆரல்வாய்மொழிக் கோட்டை விழுந்தது

தெற்குச் சீமை கும்பினியை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்த கதையை நம் பள்ளிக்கூடப் புத்தகங்கள் மூன்று தேதிகளில் சொல்லி முடித்துவிடும். 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். 1806 ஜூலை 10-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். அதற்குப் பிறகு பாடம் நேரே 1857-க்குத் தாவிவிடும். இடையில் நான்காவது தேதி ஒன்று இருக்கிறது. 1809 பிப்ரவரி 10. ஆரல்வாய்மொழிக் கோட்டைச் சுவர் கும்பினிப் படையின் கைக்குப் போனது அன்றைக்குத்தான். திருவிதாங்கூரின் தென்கோடியான நாஞ்சில் நாடு அந்நிய ஆட்சியை ஆயுதத்தால் எதிர்த்த கதை அந்த நாளில் முடிவுக்குத் திரும்பியது.

அந்தச் சுவரைப் பற்றிச் சென்ற இதழில் பார்த்தோம். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களை வென்ற திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா, தோற்ற படையின் தலைவன் டிலனாயையே தம் படைக்கு ஆசானாக வைத்துக்கொண்டார். வட்டக்கோட்டைக் கடற்கரையிலிருந்து மலைத்தொடர் வரை தெற்கு எல்லைக் காவலைப் பலப்படுத்தியவரும் டிலனாய்தான். பாண்டி நாட்டிலிருந்து யார் வந்தாலும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிறுத்திவிடலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கு எப்படிப் பொய்த்தது, அதைப் பொய்க்க வைத்தது யார் என்பதே இந்த இதழின் கதை.

தலக்குளத்துக்காரர்

கதையின் நடுவில் நிற்பவர் வேலுத்தம்பி தளவாய். முழுப்பெயர் வேலாயுதன் செண்பகராமன் தம்பி. இரணியலை அடுத்த தலக்குளத்தில் 1765-இல் பிறந்தவர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் தாலுகாக்காரர்.

அவர் பெயர் முதலில் வெளியில் தெரிந்தது கும்பினியை எதிர்த்து அல்ல, சொந்த அரசின் அமைச்சர்களை எதிர்த்து. 1798-இல் பதினாறு வயதில் பட்டத்துக்கு வந்தவர் பாலராமவர்மா. அவரைச் சுற்றி மூன்று பேர் ஆட்சியைக் கையில் வைத்திருந்தார்கள்: ஜெயந்தன் சங்கரன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்து தரகன். காலியான கருவூலத்தை நிரப்ப ஊர் ஊராகப் பணக்காரர்களையும் அதிகாரிகளையும் வரவழைத்து, இவ்வளவு கட்டு என்று உத்தரவு போட்டார்கள். வேலுத்தம்பிக்கும் உத்தரவு வந்தது. மூன்று நாள் தவணை கேட்டுத் திரும்பியவர், பணத்தோடு போகவில்லை, நாஞ்சில் நாட்டு ஜனங்களைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரம் கோட்டை வாசலில் போய் நின்றார். மூவரையும் நீக்க வேண்டும், உப்பு வரி முதலான புதுச் சுமைகளை எடுக்க வேண்டும் என்பது கூட்டத்தின் கோரிக்கை. அரசர் இணங்கினார். நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். மற்ற இருவருக்கும் கசையடி கிடைத்தது, காது அறுக்கப்பட்டது.

நாஞ்சில் நாட்டாருக்கு இது புது வழக்கம் அல்ல. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர்கள் நாட்டுக்கூட்டம் கூடி, முறைகெட்ட வரியைக் கொடுப்பதில்லை என்று தீர்மானம் எழுதி வைத்தவர்கள். அறுவடை நெல்லைக் கண்ணால் பார்த்து வாழ்ந்த வேளாண் சமூகம், அதில் யாருக்கு எவ்வளவு என்பதில் விட்டுக்கொடுக்காது. அந்தக் கோபத்தின் மேல் ஏறித்தான் வேலுத்தம்பி திருவனந்தபுரம் போனார். 1802-இல் தளவாய், அதாவது தலைமை அமைச்சர் ஆனார்.

தளவாயாக அவர் ஆண்ட விதம் கடுமையானது. நிலங்களை அளந்து கணக்கு எழுத வைத்தார், வரி பாக்கியை வசூலித்தார், லஞ்சம் வாங்கிய அதிகாரிகளைத் தண்டித்தார். நடையாக ஊர் சுற்றி, மரத்தடியில் வழக்குக் கேட்டு, அங்கேயே தீர்ப்புச் சொல்லி, அங்கேயே தண்டனையையும் நிறைவேற்றினார் என்பது ஊர் மக்களிடம் இன்றும் வழங்கும் பேச்சு. கருவூலம் நிரம்பியது. எதிரிகளும் பெருகினார்கள்.

எட்டு லட்சம்

கும்பினியோடு திருவிதாங்கூருக்கு இருந்த உறவு பகையில் தொடங்கியது அல்ல. 1789-90-இல் திப்பு சுல்தான் வடக்கு எல்லையைத் தாக்கியபோது கும்பினி துணைக்கு வந்தது. துணைக்கு விலையாக 1795-இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. கும்பினிப் பட்டாளத்தின் செலவைத் திருவிதாங்கூர் ஆண்டுதோறும் கட்ட வேண்டும். பட்டாளம் யாருடையது? கும்பினியுடையது. யார் சொல் கேட்கும்? கும்பினியின் சொல். சம்பளம் மட்டும் திருவிதாங்கூர்க் குடியானவனின் நெல்லிலிருந்தும் மிளகிலிருந்தும் போக வேண்டும். ஆர்க்காடு, தஞ்சாவூர், ஐதராபாத், அயோத்தி என்று கும்பினி எங்கும் வைத்த பொறி இதுதான்.

1804-இல் செலவைக் குறைக்க நினைத்த தளவாய், நாயர் படையாட்களின் படியில் கை வைத்தார். படை கலகம் செய்து திருவனந்தபுரம் நோக்கி நடந்தது. தளவாய் கொச்சிக்கு ஓடி, கும்பினியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் காலின் மெக்காலேயிடம் உதவி கேட்டார். உதவி வந்தது. கலகம் அடக்கப்பட்டது, தலைவர்களுக்குக் கொடிய தண்டனை கொடுக்கப்பட்டது. உடனே உதவிக்கான ரசீதும் வந்தது. 1805 ஜனவரியில் புது ஒப்பந்தம்: கூடுதலாக ஒரு படைப்பிரிவு, ஆண்டுக் கட்டணம் சுமார் 8 லட்சம் ரூபாய். பணம் நின்றுபோகும் என்று தோன்றினால் நாட்டின் நிர்வாகத்தையே கும்பினி எடுத்துக்கொள்ளலாம் என்ற ஷரத்தும் அதில் இருந்தது. பட்டாளத்தைப் படியவைக்கக் கும்பினியைக் கூப்பிட்ட தளவாயே இந்த ஒப்பந்தத்தை அரசரை ஏற்கவைத்தார். அவர் வாழ்க்கையின் பெரிய பிழை இதுதான். பின்னால் அவர் எடுத்த வாள் தாமே போட்ட முடிச்சை வெட்ட எடுத்த வாள்.

பாக்கி ஏறியது. ரெசிடெண்ட் நெருக்கினார். படைச்செலவைக் குறை, பாக்கியைக் கட்டு, இன்னாரைத் தண்டிக்காதே, இன்னாரின் சொத்தைத் தொடாதே என்று அன்றாட நிர்வாகத்துக்குள்ளும் அவர் கை நீண்டது. முன்பு காது அறுபட்ட மாத்து தரகன் கட்ட வேண்டிய பாக்கிக்காக அவர் சொத்தைத் தளவாய் பறிமுதல் செய்தபோது, ரெசிடெண்ட் தரகன் பக்கம் நின்றார். கடைசியில் தளவாயையே மாற்ற வேண்டும் என்றார். நாட்டின் அமைச்சர் யார் என்பதை ரெசிடெண்ட் தீர்மானிப்பதானால், நாடு யாருடையது என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

இந்த மெக்காலேயை வாசகர்கள் வேறோர் இடத்தில் பார்த்திருப்பீர்கள். 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பியபோது, அதன் மேல் படையெடுத்துப்போய்த் திரும்பிய மேஜர் மெக்காலே இவர்தான். இந்தியருக்கு ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று 1835-இல் குறிப்பு எழுதிய மெக்காலேக்கு இவர் பெரியப்பா முறை.

குண்டறை

1808 இறுதியில் தளவாய் இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்தார். பதவி விலகி மலபாருக்குப் போய்விடுவதாக ரெசிடெண்டிடம் காட்டிக்கொண்டார். மறுபக்கம் கொச்சியின் அமைச்சர் பாலியத்து அச்சனோடு சேர்ந்து படை திரட்டினார். கள்ளிக்கோட்டை சாமூதிரிக்குக் கடிதம் எழுதினார். பிரெஞ்சுக்காரர் உதவிக்கு வருவார்கள் என்ற பேச்சும் அடிபட்டது. ஐரோப்பாவில் நெப்போலியன் உச்சத்தில் இருந்த காலம் அது.

டிசம்பர் 28 இரவு கொச்சியில் ரெசிடெண்டின் வீடு தாக்கப்பட்டது. மெக்காலே வீட்டுக்குள் ஒளிந்திருந்து, துறைமுகத்தில் நின்ற ஆங்கிலக் கப்பலில் ஏறித் தப்பிவிட்டார். அந்த நாட்களில் ஆலப்புழைப் பக்கம் கரையிறங்கிய சர்ஜன் ஹியூமும், 12ஆம் படைப்பிரிவின் வெள்ளைச் சிப்பாய்கள் முப்பது பேருக்கு மேலும் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். சிறைப்பிடித்தவர்களைக் கொன்றது எந்தப் போர் நெறியிலும் சேராது. பின்னால் பழிவாங்கக் கும்பினிக்கு அது நல்ல சாக்காகவும் ஆனது.

1809 ஜனவரி 11-இல், கொல்லம் ஆண்டு 984 மகரம் முதல் தேதி, குண்டறையிலிருந்து தளவாய் தம் அறிக்கையை வெளியிட்டார். நட்பு என்று வந்த கும்பினி எப்படி நாட்டைத் தின்னத் தொடங்கியது என்று அது விவரித்தது. இவர்களை இப்போது எதிர்க்காவிட்டால் உப்பு முதல் எல்லாவற்றையும் தம் ஏகபோகம் ஆக்குவார்கள், நிலத்தையும் தோப்பையும் அளந்து தாங்க முடியாத வரி போடுவார்கள், கோட்டைகளையும் கோயில்களையும் எடுத்துக்கொள்வார்கள், சாதி ஆசாரத்தைக் குலைப்பார்கள் என்று எச்சரித்தது. எட்டு ஆண்டுக்கு முன் திருச்சியில் மருது சகோதரர்கள் ஒட்டிய ஜம்புத்தீவு அறிக்கைக்கும் இதற்கும் தூரத்துச் சொந்தம் உண்டு. இரண்டும் ஒரு நாட்டு மக்களை நோக்கிப் பேசுகின்றன, இரண்டும் கும்பினியின் நம்பிக்கைத் துரோகத்தைச் சொல்கின்றன. ஆனால் மருதுவின் அறிக்கை எல்லாச் சாதிக்காரரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. குண்டறை அறிக்கையோ ஆசாரம் குலையும் என்ற அச்சத்தையும் ஆயுதமாக எடுத்தது. இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் வருவோம்.

நான்கு நாள் கழித்து, ஜனவரி 15-இல் கொல்லத்தில் பெரும் சண்டை நடந்தது. தளவாயின் ஆட்கள் எண்ணிக்கையில் மிகுந்திருந்தார்கள். கும்பினியின் கர்னல் சால்மர்ஸின் படை பயிற்சியில் மிகுந்திருந்தது. கொல்லத்தில் அந்தப் பட்டாளம் முன்பே உட்கார்ந்திருந்தது எப்படி? ஒப்பந்தப்படி திருவிதாங்கூர் சம்பளம் கொடுத்து வைத்திருந்த பட்டாளம் அது. தளவாயின் படை பீரங்கிகளை இழந்து பின்வாங்கியது. இனி நம்பிக்கையெல்லாம் தெற்கு வாசலில்.

மலை ஏறிய இரவு

தெற்கே பாளையங்கோட்டை வழியாகக் கர்னல் செயின்ட் லெஜரின் படை வந்துகொண்டிருந்தது. அதில் ஆங்கிலேயரின் 69ஆம் படைப்பிரிவும் சென்னை ராணுவத்துச் சிப்பாய்களும் குதிரைப்படையும் இருந்தன. மூன்று ஆண்டுக்கு முன் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்களிடம் அடிபட்டது இதே 69ஆம் பிரிவு. பிப்ரவரி முதல் வாரத்தில் படை ஆரல்வாய்மொழிக்கு எதிரே கூடாரம் அடித்தது.

இன்று அந்தக் கணவாய் வழியே நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் போகின்றன. முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்கின்றன. ஆடிக்காற்று இறங்கிப் பாயும் அந்த இடைவெளிதான் பாண்டி நாட்டிலிருந்து நாஞ்சில் நாட்டுக்கு வழி. அன்று அதைச் சுவர் அடைத்திருந்தது. மலையிலிருந்து மலை வரை ஏறத்தாழ 2 மைல் நீளம், இடையிடையே பீரங்கி வைத்த கொத்தளங்கள், சுவருக்கு வெளியே அடர்ந்த முள்வேலி. நேரே வந்து மோதினால் பெரும் சேதம் என்று செயின்ட் லெஜருக்குத் தெரிந்தது. முற்றுகைப் பீரங்கிக்குக் காத்திருக்கலாமா என்பது யோசனை.

அப்போது மேஜர் ஜேம்ஸ் வெல்ஷ் வேறு வழி சொன்னார். தெற்குப் பக்க மலை உச்சியில் ஒரு கொத்தளம் இருந்தது. அதைப் பிடித்துவிட்டால் சுவர் முழுவதும் கீழே கிடக்கும். மலை செங்குத்து, அதனால் அந்தப் பக்கம் காவல் குறைவு. பிப்ரவரி 9 இரவு வெள்ளைச் சிப்பாய்களும் நாட்டுச் சிப்பாய்களும் கலந்த ஒரு சிறு படையோடு வெல்ஷ் புறப்பட்டார். பாறையையும் புதரையும் பிடித்துப் பிடித்து இரவெல்லாம் ஏறி, விடியுமுன் உச்சிக் கொத்தளத்துக்குள் குதித்தார்கள். காவலர்கள் சிதறினார்கள். காலையில் கீழேயிருந்தும் துணைப்படை வந்து சேர, மேலேயிருந்து பீரங்கிகள் சுவர் நெடுகத் திரும்பின. வாசல் திறந்தது. பல ஆண்டு உழைத்துக் கட்டிய காவல் ஒரே இரவில் போனது.

வெல்ஷும் நமக்குப் புதியவர் அல்ல. பாஞ்சாலங்குறிச்சி கடைசியாக விழுந்த 1801 போரில் இருந்தவர். சின்ன மருதுவிடம் வேல் வீசவும் வளரி எறியவும் கற்றதையும், பின்பு அதே மருதுவைத் தூக்குமரத்தில் பார்த்ததையும் 1830-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்பில் எழுதியவர். ஆரல்வாய்மொழி இரவைப் பற்றி நாம் அறிவதும் பெரும்பாலும் அவர் எழுதித்தான். நம்மவர் தரப்பில் அந்தச் சுவரின் மேல் நின்றவர்கள் யார் யார் என்று பெயர் சொல்ல ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

அதன்பின் எல்லாம் விரைவாக முடிந்தது. கோட்டாறு, நாகர்கோவில் பக்கம் பிப்ரவரி 17-இல் ஒரு சண்டை நடந்தது. 19-ஆம் தேதி உதயகிரிக் கோட்டையும் பத்மநாபபுரமும் எதிர்ப்பின்றிக் கைக்கு வந்தன. டிலனாய் புதைக்கப்பட்டிருக்கும் உதயகிரிக்குள் கும்பினிச் சிப்பாய்கள் நடந்து போனார்கள். படை திருவனந்தபுரத்தை நெருங்கியதும் அரசர் தமக்கும் கலகத்துக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட்டார். உம்மிணித்தம்பி புதுத் தளவாய் ஆனார். பழைய தளவாயைப் பிடிக்க ஆட்கள் போனார்கள்.

வேலுத்தம்பி வடக்கே மண்ணடியில் பகவதி கோயிலில் ஒளிந்திருந்தார். ஆட்கள் சூழ்ந்தபோது உயிரோடு பிடிபட மறுத்து அங்கேயே உயிரை முடித்துக்கொண்டார். அவர் உடலைத் திருவனந்தபுரம் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். தம்பி பத்மநாபன் தம்பி கொல்லத்தில் தூக்கிலிடப்பட்டார். தலக்குளத்து வீடு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. உறவினர்கள் மாலத்தீவுக்கு நாடு கடத்த அனுப்பப்பட்டார்கள். செத்த உடலைத் தொங்கவிட்டது நாகரிகம் அல்ல என்று கவர்னர் ஜெனரல் மின்டோ பிரபுவே கண்டித்தார் என்பதிலிருந்து நடந்தது எவ்வளவு கொடூரம் என்று தெரிந்துகொள்ளலாம்.

தோற்றது ஏன்?

சுவர் பலவீனமானதால் தோற்கவில்லை. காலம் தப்பியதால் தோற்றார்கள். கட்டபொம்மனும் மருதுவும் போரிட்டபோது திருவிதாங்கூர் கும்பினியின் நட்பு நாடு. வேலூரில் சிப்பாய்கள் எழுந்தபோது வேலுத்தம்பி கட்டணப் பாக்கிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எழுந்தபோது பாளையங்கள் அடங்கி எட்டு ஆண்டு ஆகியிருந்தது. மலபாரில் கும்பினியை எதிர்த்த பழசிராஜா 1805-இலேயே கொல்லப்பட்டுவிட்டார். கும்பினிக்கு வந்த எதிரிகள் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். கும்பினியிடம் இருந்தவர்களோ அதே ஆட்கள்: அதே மெக்காலே, அதே வெல்ஷ், அதே 69ஆம் பிரிவு, அதே பாளையங்கோட்டை வழி. பத்து ஆண்டுப் பாடத்தை அவர்கள் கையோடு கொண்டுவந்தார்கள். நம்மவர்கள் ஒவ்வொரு முறையும் முதல் பாடத்திலிருந்து தொடங்கினார்கள்.

இன்னொரு காரணத்தையும் மறைக்கக்கூடாது. ஆசாரம் குலையும் என்று தளவாய் எச்சரித்தாரே, அந்த ஆசாரத்தின் அடியில் மிதிபட்டவர்கள் நாஞ்சில் நாட்டிலும் இடைநாட்டிலும் பல்லாயிரம் பேர். மார்பை மறைக்க உரிமையில்லை, பொது வழியில் நடக்க உரிமையில்லை, ஊழியமும் தலைவரியும் மட்டும் உண்டு. அவர்களுக்கு எந்த நாடு பறிபோகிறது? ஆரல்வாய்மொழிக்குத் தெற்கே சில மைலில் மயிலாடி இருக்கிறது. அங்கே 1806-இல் வந்த பாதிரியார் ரிங்கல்தௌபே ஆலயம் கட்ட முடிந்தது 1809-இல், தளவாயின் காலம் முடிந்த பிறகே. அடுத்த ரெசிடெண்ட் கர்னல் மன்றோ திவானாகவும் இருந்து ஆண்ட காலத்தில், 1812-இல் ராணி கௌரி லட்சுமிபாய் அடிமை விற்பனைக்குத் தடை விதித்தார். தடை முழுமையானது அல்ல, ஆனாலும் தொடக்கம். கும்பினி கருணையால் வந்தது என்று இதைச் சொல்ல வேண்டாம். கட்டணம் ஒழுங்காக வர வேண்டும் என்பதே அதன் முதல் கவலை. ஆனால் பாதி ஜனங்களைப் போரிடும் காரணத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு ஒரு நாடு தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. அதுதான் 1809-இன் பாடம்.

அப்படியானால் வேலுத்தம்பி விடுதலை வீரரா, பதவி போகிறதே என்று வாளெடுத்த அமைச்சரா? இரண்டும்தான். சொந்தப் படையை அடக்கக் கும்பினியைக் கூப்பிட்டவர் அவர். ஆட்சியில் கொடியவர். ஆனால் பதவி விலகிய அமைச்சராக ஓய்வூதியத்தோடு மலபாரில் வாழ வழியிருந்தும், அந்த வழியைத் தள்ளிவிட்டு, நாட்டை ஆள்வது யார் என்ற கேள்வியை மக்கள் முன் எழுத்தில் வைத்தவரும் அவர்தான். அந்த ஒரு செயலுக்காக அவர் பெயர் நிற்கும்.

திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் அவருக்குச் சிலை இருக்கிறது. கேரளத்துப் பிள்ளைகள் குண்டறை அறிக்கையைப் படிக்கிறார்கள். 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது தலக்குளமும் ஆரல்வாய்மொழியும் உதயகிரியும் இந்தப் பக்கம் வந்தன. கதை மட்டும் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. பாஞ்சாலங்குறிச்சியில் தொடங்கிய போரின் கடைசிப் பெரும் சண்டை ஆரல்வாய்மொழியில் நடந்தது என்று நம் பாடநூலில் ஒரு பத்தியாவது வேண்டும். கணவாயில் எஞ்சியிருக்கும் கோட்டைச் சுவர்க் கற்களைக் காப்பதற்கு ஒரு பலகையும் வேலியும் வேண்டும். மாவட்டத்து ஆசிரியர்களும் வரலாற்று ஆர்வலர்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆண்டுக்கு 8 லட்சம் என்ற கட்டணமோ, சுவர் விழுந்த பின்னும் விழவில்லை. 20ஆம் நூற்றாண்டிலும் திருவிதாங்கூரின் செலவுக் கணக்கில் அது இருந்தது.

தளவாய் மறைந்த அதே 1809-இல், கன்னியாகுமரிக்கு அருகே, அவருடைய ஆசாரத்தின் அடியில் மிதிபட்ட சமூகத்தில் ஒரு குழந்தை பிறந்தது. வெள்ளையனையும் திருவிதாங்கூர் மன்னனையும் ஒரே மூச்சில் நீசன் என்று சொன்ன அய்யா வைகுண்டரின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)